சொல்லின் வகை வாக்கியத்தில் இருக்கிறது: நடுநிலை வகுப்புகளில் ஆங்கில இலக்கணம்

ஆறாம் வகுப்பில் ஒரு முறை, ஏழாம் வகுப்பில் ஒரு முறை, எட்டாம் வகுப்பில் மறுபடியும் ஒரு முறை என ஆங்கிலப் பாடத்தில் ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’ திரும்பத் திரும்ப வருகிறது. நவுன் பெயரைக் குறிக்கும், வெர்ப் செயலைக் குறிக்கும், அட்ஜெக்டிவ் தன்மையைச் சொல்லும் என்று எட்டு வரையறைகளும் மாணவருக்கு மனப்பாடம். அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்ற கேள்விக்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அதே மாணவர் சொந்தமாக நான்கு வரி எழுதினால் ‘ஷி கோ டு ஸ்கூல்’ என்றும் ‘மை ஃபாதர் டிரைவர்’ என்றும் எழுதுகிறார். ‘கோ’ வெர்ப், ‘டிரைவர்’ நவுன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறிவு வாக்கியத்துக்குள் இறங்கவில்லை. இதற்கு இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. இன்னும் அழுத்தமாக இலக்கணம் நடத்த வேண்டும் என்பது ஒன்று. இலக்கணத்தையே விட்டுவிட்டுப் பேசவும் படிக்கவும் வைத்தால் போதும் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. சொல்வகை என்பது சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பண்பு என்று இரண்டும் எண்ணுகின்றன. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வகையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, வாக்கியத்தில் அது நிற்கும் இடமும் அங்கே அது பார்க்கும் வேலையும். மீள்பார்வை அந்த இடத்திலிருந்து தொடங்கினால் இலக்கணம் எழுத்துக்குப் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எட்டு என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி மயக்கம் தீரும். அது ஆங்கிலத்தை ஆராய்ந்து கண்ட எண்ணிக்கை அல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் தியோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கண நூல் சொற்களை எட்டாகப் பிரித்தது. அந்த எட்டில் ஆர்ட்டிகிள் உண்டு. அட்ஜெக்டிவ் தனி வகையாக இல்லை, அது பெயருக்குள் அடங்கியிருந்தது. ரோமானியர் இந்தப் பகுப்பை லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது லத்தீனில் ஆர்ட்டிகிளே இல்லை. வியப்புச் சொற்களைத் தனி வகையாக்கினார்கள்; எண்ணிக்கை எட்டாகவே நின்றது. 4ஆம் நூற்றாண்டில் டொனேட்டஸும் 6ஆம் நூற்றாண்டில் பிரிஸ்கியனும் எழுதிய பாடநூல்கள் அதை ஐரோப்பியப் பள்ளிகளில் நிலைநாட்டின. 1586இல் வில்லியம் புல்லோக்கர் எழுதிய முதல் ஆங்கில இலக்கணமும் லத்தீன் அச்சில் வார்த்ததுதான். 1762இல் ராபர்ட் லவுத் ஆர்ட்டிகிளையும் அட்ஜெக்டிவையும் தனித்தனியே வைத்து ஒன்பது வகை சொன்னார். 1795இல் லிண்ட்லி மர்ரேயும் ஒன்பதே என்றார். 1952இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரீஸ், பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களைக் கொண்டு நான்கு பெரிய வகைகளும் 15 சிறு குழுக்களும் போதும் என்று காட்டினார். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட பெரும் இலக்கணம் ப்ரோநவுனை நவுனுக்குள்ளேயே அடக்கி, ‘தி’, ‘திஸ்’, ‘சம்’ போன்றவற்றுக்குத் தனி வகை தந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதை மாறாத உண்மைபோல் ஒப்பிக்கச் சொல்வது பிள்ளைகளுக்கு இலக்கணத்தின் இயல்பையே தவறாகக் காட்டுகிறது.

பட்டியலைவிடப் பெரிய சிக்கல் வரையறைகளில் இருக்கிறது. வெர்ப் செயலைக் குறிக்கும் என்கிறோம். ‘நோ’, ‘பிலாங்’, ‘ஹேவ்’, ‘இஸ்’ இவற்றில் என்ன செயல் நடக்கிறது? ‘அரைவல்’, ‘டிஸ்ட்ரக்ஷன்’ ஆகிய சொற்களில் செயல் வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் அவை நவுன். அட்ஜெக்டிவ் வர்ணிக்கும் என்றால் ‘ஸ்டோன் வால்’ என்பதில் சுவர் எதனால் ஆனது என்று சொல்லும் ‘ஸ்டோன்’ எந்த வகை? ப்ரோநவுன் நவுனுக்குப் பதிலாக வரும் என்பதும் பாதிதான் சரி. ‘தி டால் பாய் கேம்’ என்ற வாக்கியத்தில் ‘பாய்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘ஹி’ போட்டால் ‘தி டால் ஹி கேம்’ என்றாகிவிடும். ‘ஹி’ உண்மையில் ‘தி டால் பாய்’ என்ற மூன்று சொல் தொடர் முழுவதற்கும் பதிலாக வருகிறது. இந்த வரையறைகள் எல்லாம் பொருளைப் பார்த்து வகையைச் சொல்லச் சொல்கின்றன. பொருளோ எந்த வகைச் சொல்லுக்குள்ளும் புகுந்துகொள்ளும். எனவே வரையறையை நம்பும் மாணவர் தெளிவான எடுத்துக்காட்டுகளில் தேறிவிடுவார். சற்றே சிக்கலான வாக்கியம் வந்தால் ஊகிக்கத் தொடங்குவார். 1947இல் டபிள்யூ. ஜே. மெக்காலே ஸ்காட்லாந்து மாணவர்களிடம் ஐந்து சொல்வகைகளை வைத்துச் சோதனை நடத்தி முடிவுகளை வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் இலக்கணம் படித்துத் தொடக்கப் பள்ளியை முடித்தவர்களில் ஐந்திலும் பாதி மதிப்பெண்ணைத் தொட்டவர் மிகச் சிலரே. ஆங்கிலச் சூழலிலேயே வளர்ந்த பிள்ளைகளின் நிலை அது.

பொருள் கைவிடும்போது இடம் கைகொடுக்கிறது. ‘ரவுண்ட்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘எ ரவுண்ட் டேபிள்’ என்பதில் அது அட்ஜெக்டிவ். ‘தி செகண்ட் ரவுண்ட்’ என்பதில் நவுன். ‘ரவுண்ட் தி கார்னர்’ என்பதில் ப்ரிபொசிஷன். ‘டர்ன் ரவுண்ட்’ என்பதில் அட்வெர்ப். ‘தே ரவுண்டட் தி கேப்’ என்பதில் வெர்ப். சொல்லை மட்டும் தனியே எழுதிக் காட்டி வகை கேட்டால் விடையே கிடையாது. ‘வாட்டர்’ குடிப்பதற்கும் உண்டு, ‘வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்று செடிக்கு ஊற்றுவதற்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன, வினைகளுக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டும் ஈறுகள் இருந்தன. அவை தேய்ந்து மறைந்த பிறகு, யார் செய்தார் யாருக்குச் செய்தார் என்று காட்டும் பொறுப்பைச் சொல்வரிசை ஏற்றுக்கொண்டது. பொருளே தெரியாத சொல்லுக்குக்கூட இதனால் வகை சொல்ல முடிகிறது. 1958இல் ஜீன் பெர்க்கோ செய்த புகழ்பெற்ற ஆய்வில், ‘வக்’ என்ற இட்டுக்கட்டிய சொல்லைப் படத்தோடு காட்டி, இப்போது இரண்டு இருக்கின்றன என்றதும், ஆங்கிலம் பேசும் சிறு குழந்தைகள் அதன் பன்மையைத் தயங்காமல் சொன்னார்கள். அந்தச் சொல் நவுன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ‘எ’ என்பதற்குப் பின்னால் அது நின்றதே போதுமானதாக இருந்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த இடம் பார்க்கும் பழக்கம் இயல்பாக வராததற்குக் காரணம் உண்டு. தமிழில் சொல்லின் ஈறே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ‘ராமன் பாம்பைக் கொன்றான்’ என்றாலும் ‘பாம்பைக் கொன்றான் ராமன்’ என்றாலும் செத்தது பாம்புதான். ‘ஐ’ உருபு அதை உறுதி செய்கிறது. ஆங்கிலத்தில் ராமனும் பாம்பும் இடம் மாறினால் கொலையாளியும் மாறிவிடுவார். தமிழிலும் ‘படி’ என்பது பெயராகவும் வினையாகவும் வரும். ஆனால் ‘படியில்’, ‘படித்தான்’ என்று வாக்கியத்தில் இறங்கியதும் ஈறு ஐயத்தைத் தீர்த்துவிடும். ஈற்றைப் பார்த்துப் பழகிய கண், ஆங்கிலத்தில் ஈறு இல்லாத சொற்களைக் கண்டதும் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மனப்பாட வரையறைகள் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்குகின்றன. நடுநிலை வகுப்பின் மீள்பார்வை முதலில் செய்ய வேண்டியது, ஈறு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது என்ற ஒரே உண்மையைப் பல வாக்கியங்களில் கண்கூடாகக் காட்டுவது.

இலக்கணம் கற்பிப்பதால் எழுத்து மேம்படுகிறதா என்ற கேள்வியை ஆங்கில நாடுகள் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கின்றன. 1963இல் பிராடாக்கும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வெளியிட்ட அறிக்கை, முறைசார் இலக்கணப் பாடத்தால் எழுத்துக்கு ஏற்படும் பயன் மிகச் சொற்பம், எழுதிப் பழகும் நேரத்தை அது தின்றுவிடுவதால் தீங்கும் நேரலாம் என்றது. நியூசிலாந்தில் எல்லியும் குழுவினரும் மூன்று ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1976இல் வெளிவந்தது. மரபிலக்கணம் படித்த பிரிவுக்கும், புதுவகை இலக்கணம் படித்த பிரிவுக்கும், இரண்டையும் விட்டு வாசிப்பிலும் எழுத்திலும் அந்த நேரத்தைச் செலவிட்ட பிரிவுக்கும் இடையே எழுத்துத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2007இல் கிரஹாமும் பெரினும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் தனியே நடத்தும் இலக்கணப் பாடம் பயன் தரவில்லை. ஆனால் சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சி தெளிவான பலன் தந்தது. 2012இல் இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் டெப்ரா மைஹில் குழு 12, 13 வயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னொரு படி போனது. எழுதும் பாடத்துக்குள்ளேயே, அந்த எழுத்துக்குத் தேவையான இலக்கணத்தை அங்கேயே சொல்லிக் கொடுத்தபோது எழுத்து மேம்பட்டது. ஏற்கெனவே நன்றாக எழுதக்கூடியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஆசிரியரின் சொந்த இலக்கண அறிவும் விளைவை மாற்றியது. இந்த முடிவுகளைச் சேர்த்துப் படித்தால் இலக்கணம் வீண் என்ற முடிவு வராது. சொல்லைத் தனியே பிடித்துப் பெயரிடுவது பயனற்றது, சொல்லை வாக்கியத்துக்குள் நகர்த்திப் பார்ப்பது பயனுள்ளது என்ற முடிவே வரும்.

இவையெல்லாம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் பற்றியவை, நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயம். அதற்கு விடை சொல்லும் சோதனை ஒன்று தென்னிந்தியாவிலேயே நடந்திருக்கிறது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் இலக்கணப் பாடமே இல்லாமல் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு பிள்ளைகள் கணக்கிட்டு விடை காண வேண்டும். மொழி அந்த முயற்சியில் தானே ஊறும் என்பது அவர் துணிபு. பின்னர் பெரெட்டாவும் டேவிஸும் மதிப்பிட்டபோது, அமைப்பு சார்ந்த தேர்வில் வழக்கமான வகுப்புகள் முந்தின. மொழியைப் பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. எதைப் பயிற்றினோமோ அதுவே வளர்ந்தது என்று இதைப் படிக்கலாம். மறுபக்கம், இரண்டாம் மொழி கற்பித்தல் பற்றிய ஆய்வுகளை 2000இல் தொகுத்த நாரிஸும் ஒர்ட்டேகாவும் வெளிப்படையாக விதி சொல்லித் தருவது பலன் தருகிறது என்று கண்டார்கள். அந்த ஆய்வுகளின் தேர்வுமுறை விதி அறிந்தவர்களுக்குச் சாதகமாக இருந்ததையும் அவர்களே குறிப்பிட்டார்கள். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலப் பிள்ளைகள் கேட்பதிலும் படிப்பதிலும் சிறந்து விளங்கியபோதும், பேச்சிலும் எழுத்திலும் சில இலக்கணப் பிழைகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு விதி சுட்டிக்காட்டப்படத்தான் வேண்டும். எதைச் சுட்டுவது என்பதில்தான் தேர்வு வேண்டும்.

அந்தத் தேர்வுக்கு அளவுகோல், தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்கள். நவுனில் தொடங்குவோம். பெயரைக் குறிக்கும் சொல் எது என்று எட்டாம் வகுப்பில் கேட்பதில் பயனில்லை. பெயர் என்ற கருத்து தமிழ்வழியே என்றோ வந்துவிட்டது. தடுமாற்றம் நவுனுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’ இரண்டிலும்தான். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, அது செய்யும் வேலையைத் தமிழ் எப்படிச் செய்கிறது என்று காட்டலாம். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் இருவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட புத்தகம். இங்கே உருபு சொல்லும் வேறுபாட்டைத்தான் ‘ஐ பாட் எ புக்’, ‘ஐ பாட் தி புக்’ என்ற இரண்டு வாக்கியங்களில் ஆர்ட்டிகிள் சொல்கிறது. எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்றாலும், ஆர்ட்டிகிள் வெறும் அலங்காரம் இல்லை என்று புரியவைக்க இந்த ஒன்றே போதும். ‘எ’, ‘தி’ ஆகியவற்றைப் பல பாடநூல்கள் அட்ஜெக்டிவ் பிரிவில் ஒரு மூலையில் வைப்பதால் இந்த வாய்ப்பு நழுவுகிறது. ‘தி’ தொடங்கி நவுனில் முடியும் தொடரை ஒரே அலகாகப் பார்க்கப் பழகிய மாணவருக்கு, அட்ஜெக்டிவ் எங்கே நிற்கும், ப்ரோநவுன் எதற்குப் பதிலாக வரும் என்ற இரண்டு கேள்விகளும் தனிப் பாடம் இல்லாமலே தீர்ந்துவிடும்.

அதிக நேரம் தர வேண்டியது வெர்புக்கு. தமிழ் வினைமுற்று தன்னுள்ளேயே காலத்தையும் இடத்தையும் எண்ணையும் பாலையும் சுமக்கிறது. ‘வந்தாள்’ என்ற ஒரு சொல் முழு வாக்கியம். ஆங்கில வெர்ப் இந்தச் சுமையை ‘இஸ்’, ‘ஹேஸ்’, ‘டிட்’, ‘வில்’ என்ற துணைச் சொற்களோடும் எழுவாயோடும் பங்கிட்டுக்கொள்கிறது. அதனால்தான் எழுவாயை விட்டுவிடுவதும் துணை வெர்பை விட்டுவிடுவதும் நம் பிள்ளைகளின் நிலையான பிழைகளாக இருக்கின்றன. ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வினையே வேண்டாம். ‘ஹி இஸ் எ டீச்சர்’ என்பதில் ‘இஸ்’ இல்லாவிட்டால் வாக்கியம் இல்லை. தமிழில் கேள்வி கேட்க ஈற்றில் ‘ஆ’ சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் துணை வெர்ப் முன்னால் நகர வேண்டும், துணை இல்லாவிட்டால் ‘டூ’ வந்து நிற்க வேண்டும். ‘யூ ஆர் கமிங்?’ என்று குரலை மட்டும் உயர்த்திக் கேட்கும் பழக்கம் இங்கிருந்து வருகிறது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்று தமிழ் நான்காம் வேற்றுமையில் வைக்கும் ஆளை ஆங்கிலம் எழுவாயாக்கி ‘ஐ’ என்று தொடங்குகிறது. வெர்ப் என்றால் செயல் என்ற வரையறையைப் பத்து முறை திரும்பச் சொன்னாலும் இவற்றில் ஒன்றுகூடத் தெளியாது. அதே வேளையில், ‘வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகின்றன’ என்று பிழையின்றிப் பேசும் பிள்ளைக்கு எழுவாயும் வினையும் இயைய வேண்டும் என்ற கருத்து புதிதில்லை. ஆங்கிலத்தில் அந்த இயைபு நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கிறது என்று காட்டினால் ‘ஷி கோஸ்’ என்பதற்குக் காரணம் விளங்கும்.

ப்ரிபொசிஷன் இதே முறையில் பயன் தரும். ‘பெட்டியில்’, ‘மேசையில்’, ‘பேருந்து நிலையத்தில்’ மூன்றிலும் தமிழுக்கு ஒரே ‘இல்’. ஆங்கிலம் உள்ளே இருப்பதற்கு ‘இன்’, மேற்பரப்பில் இருப்பதற்கு ‘ஆன்’, ஓர் இடத்தைப் புள்ளியாகக் கருதும்போது ‘அட்’ என்று பிரிக்கிறது. காலத்திலும் ‘இன் ஜூன்’, ‘ஆன் சன்டே’, ‘அட் ஃபைவ்’ என்று அளவு சுருங்கச் சுருங்கச் சொல் மாறுகிறது. தமிழ் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலச் சொல் முன்னால் தனியே நிற்கும் என்ற வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னால் பட்டியல் மனப்பாடம் குறையும். கன்ஜங்ஷனுக்கு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியே பாடம். ‘வந்து, சாப்பிட்டு, போனான்’ என்று எச்சங்களால் தமிழ் கோக்கும் செயல்களை ஆங்கிலம் ‘அண்ட்’, ‘ஆஃப்டர்’, ‘வென்’ எனப் பல வழிகளில் இணைக்கும். ஒவ்வொன்றும் பொருளைச் சற்றே திருப்பும். அட்வெர்புக்கு ‘ஃபாஸ்ட் டிரெயின்’, ‘ரன் ஃபாஸ்ட்’ போன்ற இணைகளை ஒப்பிட்டாலே முக்கால்வாசி முடிந்துவிடும். இன்டர்ஜெக்ஷன் வாக்கிய அமைப்புக்கு வெளியே நிற்பது; அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

இதற்கு எதிராக எழக்கூடிய முதல் கேள்வி தேர்வு. வினாத்தாள் வகையின் பெயரைக் கேட்கிறது, மாணவர் பெயர் சொல்லியாக வேண்டும். உண்மைதான், பெயர்களைக் கைவிட வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. பெயர் இல்லாமல் பிழையைப் பற்றி வகுப்பில் பேசவே முடியாது. பெயர் எப்போது வர வேண்டும் என்பதே கேள்வி. ‘தி’ முன்னால் வருகிறதா, ‘எஸ்’ சேர்த்துப் பன்மையாக்க முடிகிறதா, இறந்தகாலத்துக்கு மாற்ற முடிகிறதா, பின்னால் ஒரு நவுன் தொடர் கட்டாயம் வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் பெயரிடும் மாணவர், ‘ரவுண்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்களிலும் தடுமாற மாட்டார். வரையறையை நம்பியவர் அங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார். இன்னும் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. இத்தகைய சோதனைகளை நடத்த, எது ஆங்கிலமாகக் காதில் ஒலிக்கிறது என்ற உணர்வு வேண்டும். அது ஆங்கிலச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இருக்கும், நம் பிள்ளைக்கு ‘ஃபர்னிச்சர்ஸ்’ தவறு என்று எப்படித் தெரியும் என்பது அது. இதை முழுமையாக ஏற்க வேண்டியிருக்கிறது. எனவே நம் வகுப்பில் சோதனை, மாணவரின் காதை நம்பாமல் கண்முன் உள்ள பத்தியை நம்ப வேண்டும். பாடத்தில் இந்தச் சொல் எங்கெங்கே வந்திருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று தேடிப் பார்ப்பதே சோதனை. இப்படிப் பார்த்தால் வாசிப்பு வளராமல் இலக்கணம் வளராது; வாசிக்க வைத்தால் போதும் என்போர் சொல்வதில் உள்ள உண்மையும் இதற்குள் வந்துவிடுகிறது.

தமிழைத் துணைக்கு அழைத்தால் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பழக்கம் வேரூன்றிவிடும் என்ற அச்சமும் உண்டு. அந்தப் பழக்கத்தை ஒப்பீடு உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ‘மை ஃபாதர் டிரைவர்’ என்று எழுதும் மாணவருக்குத் தமிழ் வாக்கியமே அச்சாக இருந்தது என்பதைச் சுட்டினால்தான் அவர் அதை விட்டு விலக முடியும். ஆனால் இங்கே ஓர் எல்லை உண்டு. தொல்காப்பியம் சொல்லும் பெயர், வினை, இடை, உரி என்ற நான்கும் தமிழுக்கு வகுத்தவை. அவற்றை ஆங்கிலத்தின் எட்டோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்த முயன்றால், லத்தீன் அச்சில் ஆங்கிலத்தை வார்த்த 16ஆம் நூற்றாண்டுப் பிழையையே நாமும் செய்தவர்களாவோம். ஒப்பிட வேண்டியவை வகைகளின் பட்டியல்கள் அல்ல, இரண்டு மொழிகளும் ஒரே கருத்தை வாக்கியமாக்கும் வழிகள். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் வேற்றுமையையும் எச்சத்தையும் எந்த மாதத்தில் நடத்துகிறார்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டால், ஒரே பள்ளியில் ஒரே பிள்ளை படிக்கும் இரண்டு இலக்கணங்களும் ஒன்றையொன்று தாங்கும்.

இத்தனைக்கும் நேரம் எங்கே, ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே என்பது நடைமுறைக் கேள்வி. நேரம் இருக்கிறது, மூன்று ஆண்டுகளும் ஒரே எட்டு வரையறைகளைத் திரும்பச் சொல்வதில் அது போய்க்கொண்டிருக்கிறது. ஆறாம் வகுப்பில் நவுன் தொடரும் ஆர்ட்டிகிளும், ஏழில் துணை வெர்பும் கேள்வி அமைப்பும், எட்டில் ப்ரிபொசிஷனும் வாக்கிய இணைப்பும் என்று பிரித்தால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒன்றைக் கற்கலாம், பழையது எழுத்துப் பயிற்சியில் தானாகத் திரும்பி வரும். பயிற்சியைப் பொறுத்தவரை, ஆசிரியரின் இலக்கண அறிவு விளைவை மாற்றும் என்று எக்சிடர் ஆய்வு சொன்னதை மறக்க முடியாது. ஆசிரியருக்கு இலக்கணம் ஆழமாகத் தெரிந்திருந்தால்தான் வகுப்பில் அதைக் குறைவாகவும் சரியான இடத்திலும் சொல்ல முடியும். வரையறையை ஒப்பிக்கச் சொல்வதற்கு அறிவு குறைவாகவே வேண்டும். அதனால்தான் அது நிலைத்திருக்கிறது. பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் அமைப்போரும் செய்யக்கூடிய சிறு மாற்றம் ஒன்று உண்டு. அடிக்கோடிட்ட சொல்லின் வகையைக் கேட்கும் வினாவோடு, அதே சொல்லை வேறு வகையாக வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும் வினாவையும் சேர்க்கலாம். முதல் வினாவை மனப்பாடத்தால் கடக்கலாம். இரண்டாவதற்கு வாக்கியம் கட்டத் தெரிய வேண்டும். வினாத்தாள் அதைக் கேட்கத் தொடங்கினால் வகுப்பறையும் அதைக் கற்பிக்கத் தொடங்கும்.